ஸரஸாவின் பாதிக் கணக்கு

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு வழக்கம். கணினிக் கணக்கு சொன்னபடியே உலோகத் துண்டு வந்துவிட்டால் யாரும் யாருக்கும் போன் செய்ய மாட்டோம். கோணலாக வந்தால்தான் போன். யார் ஏற்படுத்திய வழக்கமோ, மகராசனாக இருக்கட்டும். அதனால் ஸரஸா மேடம் பட்ட பாட்டைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் மீனா. தாத்தா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர், நாங்கள் இங்கேயே தங்கிவிட்டோம். வீடு மண்டி மொஹல்லாவில். எங்கள் சந்தில் ஆட்டோ ஹாரனுக்கு மேலே கத்தினால்தான் பக்கத்தில் இருப்பவருக்கே காது கேட்கும். அதனால் எனக்குக் குரலும் பெரிசு, கோபமும் மூக்கு நுனியில். ஆராய்ச்சிக்கூடத்தில் உலோகத்தை அச்சடிக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதை ஓட்டுவது நான்.

அச்சடிப்பது என்றால் காகிதத்தில் இல்லை. டைட்டானியப் பொடியை ஒரு தட்டின்மேல் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். வேண்டிய இடத்தை மட்டும் லேசர் உருக்கும். அதன்மேல் இன்னொரு பரப்பு, இன்னொரு உருக்கு. இப்படியே ஏற்றிக்கொண்டு போனால் ஒரு துண்டு முளைத்து நிற்கும். கேட்க அழகாக இருக்கிறதல்லவா? ஆனால் சூடு பொல்லாதது. ஆறும்போது ஒரு பக்கம் மற்றதை இழுக்கும். தட்டிலிருந்து அறுத்து எடுக்கும்வரை சாதுவாக நின்ற துண்டு, அறுத்ததும் சுட்ட அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும்.

எந்தப் பக்கம், எவ்வளவு வளையும் என்று முன்கூட்டியே கணினியில் கணக்குப் போடுவதுதான் ஸரஸா மேடத்தின் வேலை. துண்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, எது எப்போது ஆறும், எது எதை இழுக்கும் என்று பார்ப்பார். இடப்பக்கம் வளையும் என்று தெரிந்தால், வரைபடத்தையே அந்த அளவுக்கு வலப்பக்கம் வளைத்து அனுப்பிவிடுவார். நான் அந்தக் கோணல் படத்தை அப்படியே அச்சடிப்பேன். அறுத்ததும் துண்டு தானாக நிமிர்ந்து நேராகிவிடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது "அடேயப்பா!" என்று வாயைப் பிளந்துவிட்டேன்.

அவர் மேலுகோட்டைப் பக்கத்து ஐயங்கார் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா படுத்த படுக்கையானபோது, சரஸ்வதிபுரத்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மா போன பிறகு யாரும் அவரைத் திரும்ப வரச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மாடியில் அவருடைய மேஜைமேல் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். கணக்கு மெயிலில் வரும், துண்டு நேராக வரும், வேலை முடிந்துவிடும். அவர் கணக்கு தப்பியதே இல்லை என்பதால் அவருக்கு போனும் போனதில்லை. அவர் குரலே எனக்கு மறந்துபோயிருந்தது.

போன மழைக்காலத்தில் முதல் தடவையாகத் தப்பியது. ஒரு பெரிய டிரோனுக்கான தாங்கி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கை நீட்டியிருக்கும் துண்டு. அறுத்தால் வலது கை நேராக இருக்கிறது, இடது கை தூக்கிக்கொண்டு நிற்கிறது. எனக்கு வந்ததே கோபம்! உடனே போனை எடுத்தேன்.

"மேடம், என்ன இது? டைட்டானியப் பொடின்னா உப்புமா ரவைன்னு நெனச்சீங்களா, வீணாப் போனா இன்னொரு பொட்டலம் பிரிக்கறதுக்கு?"

அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக, "மீனாவா பேசறேள்?" என்று கேட்டார். பேசிப் பழக்கமில்லாத தொண்டை, கரகரத்தது.

தப்பு எங்கே என்று அவரே கண்டுபிடித்தார். இரண்டு பக்கமும் ஒன்றுதானே என்று துண்டைப் பாதியாக வெட்டி ஒரு பாதிக்கு மட்டும் கணக்குப் போட்டிருக்கிறார். மறுபாதியைக் கணினி கண்ணாடி காட்டுவது போலக் காட்டிவிடும். இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோரும் நேரத்தை மிச்சம் பிடிக்கச் செய்வதுதான். ஆனால் நான் அதே தட்டில் தாங்கியின் இடது கையை ஒட்டி இன்னொரு பெரிய கட்டியையும் அச்சடித்திருந்தேன். அதன் சூட்டில் அந்தப் பக்கம் ஆற நேரமாகியிருக்கிறது. துண்டு இரண்டு பக்கமும் ஒன்றுதான், சூடு ஒன்றில்லை.

"தட்டுல பக்கத்துல என்ன இருக்குன்னு நான் கேட்டிருக்கணும்" என்றார்.

"நானும் சொல்லியிருக்கணும், ஆச்சு விடுங்க" என்றேன். அத்தோடு போனை வைத்திருக்கலாம். ஆனால் அவர், அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டார். மத்தியானம் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். கேன்டீன் சாம்பாரை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன், அவர் சிரித்தார். பேச்சு எங்கெங்கோ போய், என் கை வலித்துப் போனைக் காது மாற்றி வைத்துக்கொண்டதுகூட ஞாபகம் இருக்கிறது.

அடுத்த துண்டும் கோணியது. தட்டில் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லி அனுப்பிய பிறகும், அதற்கடுத்ததும். மூன்றும் அதே பாதிக் கணக்குத் தப்பு. ஒவ்வொரு தடவையும் நான் கத்தினேன், அவர் கேட்டுக்கொண்டார், பிறகு பேச்சு நீண்டது. தீட்டிய மரத்திலேயே கூர் பார்ப்பது போல என்னிடமே எத்தனை தடவை என்று மனசுக்குள் பொருமினேனே தவிர, எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

எங்கள் டைரக்டர் சீனிவாசன் சாருக்கு, இந்த அம்மா இனி எதற்கு என்று தோன்றியது. என்னைக் கூப்பிட்டார்.

"மீனா, புது மெஷின் வருது. அதோட சாஃப்ட்வேரே இந்தக் கணக்கைப் போட்டுடும். இருந்தாலும் பழைய ஆள்னு பார்த்தேன். இன்னும் ஒரு பீஸ் தப்பினா அந்தம்மாவோட கான்ட்ராக்டை நான் புதுப்பிக்க மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க."

நல்ல வேலையை எல்லாம் தன்னிடம் வைத்துக்கொண்டு, இந்த மாதிரி வேலைக்கு மட்டும் நான்! ஆனாலும் போனில் சொல்லிவிட மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சரஸ்வதிபுரம் போனேன்.

அவர் கதவைத் திறந்ததும் முதலில் என் பின்னால் பார்த்தார், கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று. பெரிய வீடு. ஹாலில் ஒரே ஒரு நாற்காலி மட்டும் துடைத்திருந்தது. எனக்காக இன்னொன்றின்மேல் இருந்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனார். அந்தத் தெருவில் அப்படி ஓர் அமைதி. எங்கள் சந்துச் சத்தத்தில் பழகிய எனக்குக் காது அடைத்துப்போன மாதிரி இருந்தது.

காபி வந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை.

"மேடம், ஒரு தடவை தப்பினது சரி. தெரிஞ்ச பிறகும் ஏன் பாதிக்கே கணக்குப் போடறீங்க? சார் கான்ட்ராக்டை நிறுத்தப்போறாரு. இன்னும் ஒண்ணு தப்பினா அவ்வளவுதான்."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "முழுசுக்கும் போட்டேன்."

"என்னது?"

"முதல் தடவை நிஜமாவே தப்பிடுத்து. அதுக்கப்புறம் முழுசுக்கும் போட்டேன், மீனா. எந்தக் கை எவ்வளவு தூக்கும்னு தெரியும். பாதிக் கணக்கைத்தான் அனுப்பினேன்."

எனக்குப் புரியவில்லை. பைத்தியமா இவருக்கு என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அவர் தலையைத் தூக்காமல் சொன்னார்: "சரியா அனுப்பிச்சா நீங்கோ கூப்பிட மாட்டேளே."

கோபத்தோடு வந்தவள் நான். பாழாய்ப்போன மூன்று துண்டுகளுக்காக அவரை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டுப் போக வந்தவள். கத்தத்தான் செய்தேன், ஆனால் வேறு எதற்கோ.

"பேச ஆள் வேணும்னா ஒரு போன் பண்ணக்கூடாதா? நான் என்ன ஊர்ல இல்லாமலா போயிட்டேன்?"

"பண்ணி என்னன்னு சொல்றது? வேலை இல்லாம ஒருத்தரை எப்படிக் கூப்பிடறது?" அவர் நிஜமாகவே கேட்டார். பதில் தெரிந்தால் செய்திருப்பார் என்று முகத்தில் இருந்தது. "அம்மா இருந்தவரைக்கும் ராத்திரி பகல்னு பேச்சு இருந்தது. இப்போ பால்காரன்கூட வாசல்ல தொங்கற பையில போட்டுட்டுப் போயிடறான். உங்க கிட்டே திட்டு வாங்கற அன்னிக்கு நான் ரெண்டு வேளையும் நன்னா சாப்பிடுவேன்."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்தேன். "நான் சார்கிட்டே ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா அடுத்தது சரியா வரணும். இந்த வேலையும் போச்சுன்னா திட்டறதுக்குக்கூட யாரும் இருக்க மாட்டாங்க" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு கொடுமையான வார்த்தை என்று உறைத்தது. அவர் தலையை மட்டும் ஆட்டினார். வாசல்வரை வந்து, ஸ்கூட்டர் தெரு திரும்பும்வரை நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த கணக்கு வந்தது. தட்டில் பக்கத்தில் என்ன அச்சடிக்கிறோம் என்று முதலிலேயே மெயிலில் கேட்டிருந்தார், முழுத் துண்டுக்கும் போட்டிருந்தார். நான் அச்சடித்தேன். அறுத்தேன். அளக்கும் மேடையில் வைத்துப் பார்த்தால் இரண்டு கைகளும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. சீனிவாசன் சார் அளவுத்தாளைப் பார்த்து "குட்" என்றார், கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டார், காபி குடிக்கப் போய்விட்டார். மற்றவர்களும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். ஸரஸா மேடத்துக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும், எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?

நான் போனை எடுத்தேன். முதல் மணி முடியும் முன்பே எடுத்துவிட்டார்.

"எந்தக் கை?" என்று கேட்டார் எடுத்த எடுப்பில். "மீனா, இந்தத் தடவை நான் முழுசும் போட்டேன். பெருமாள் மேல ஆணை. எந்தக் கை தூக்கிடுத்து?"

"எந்தக் கையும் இல்லை மேடம். நேரா வந்திருக்கு. சார் கையெழுத்தும் போட்டாச்சு."

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நான் ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேன்" என்றார். "பின்னே... எதுக்குக் கூப்பிட்டேள்?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

எனக்கு அடுத்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. திட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் இந்தப் பெண்மணியிடம் நான் பேசியதே இல்லை.

"வெச்சுடாதேங்கோ" என்றார் ஸரஸா மேடம் அவசரமாக. "அடுப்பை அணைச்சுட்டு வந்துடறேன்."

போனை எதன்மேலோ வைத்துவிட்டு அவர் ஓடுவது கேட்டது. நான் காதிலிருந்து எடுக்காமல், பக்கத்தில் கிடந்த ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.