கரமனை ஆற்றில் புத்தர்

எங்கள் வீட்டில் ஜப்பான் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. அத்தை காதில் விழுந்துவிடும். அத்தை அப்பாவின் தங்கை. யுத்தம் முடிந்தபின் மலேயாவிலிருந்து தனியாகத் திரும்பி வந்தவள். அங்கே ரப்பர் தோட்டத்து ஆபீசில் வேலையாயிருந்த அவள் புருஷனை, எங்கள் அத்திம்பேரை, சயாமில் ரயில் பாதை போடவென்று ஜப்பான் பட்டாளத்தார் கூட்டிக்கொண்டு போனார்கள். போனவர் போனவர்தான். கிழக்கேகோட்டையில் எங்கள் வீட்டுக்கு அத்தை கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டியும், கைக்குள் அடங்குகிற பித்தளைப் புத்தரும். புத்தரை ஜன்னல் மாடத்தில் வைத்திருந்தாள்.

சுதந்திரம் வந்து மூன்றாவது வருஷம். நான் இரண்டாம் பாரம். பள்ளியில் எதைக் கேட்டாலும் வீட்டில் யார் தலையிலாவது கொட்டினால்தான் எனக்குச் சோறு இறங்கும். அந்தச் சமயம் பார்த்து ஹிஸ்டரி டீச்சர் ஜப்பானுக்குப் புத்தர் வந்த கதையை எடுத்தாள். மலையாளத்தில், தானே கூட இருந்து பார்த்தவள் போலச் சொல்வாள். மறுநாளே தம்பிக்கு அம்மை வார்த்தது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். என்னையும் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டார்கள். இரண்டு வயசுக் குழந்தை, உடம்பெல்லாம் முத்து. அம்மா அவன் பாயைவிட்டு நகரவில்லை. என்னிடம் கதை மட்டும் வயிறு முட்ட இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை.

ஒரு நாள் அம்மா, “வீட்டுல என்ன குத்தம் வந்துதோ, தெரியலையே” என்று அழுதாள். எனக்கு அது போதும்.

“அம்மா, ஜப்பான்லயும் இதே மாதிரிதான், கேட்டியா!”

அப்பா நிமிர்ந்தார். “இப்போ ஹிஸ்டரி பரீட்சையா நடக்கறது?”

“நீங்க சும்மா இருங்கோ. குழந்தை சொல்லட்டே.”

சொன்னேன். கொரியா தேசத்து ராஜா ஒருவர் ஜப்பான் ராஜாவுக்குப் புத்தர் சிலையும் ஏடுகளும் அனுப்பினார். வைத்துக்கொள்ளலாமா என்று ராஜா மந்திரிகளைக் கேட்டார். ஒருவன் வேணும் என்றான். மற்றவர்கள், வெளியூர்த் தெய்வம் வந்தால் நம் தெய்வங்களுக்குக் கோபம் வரும் என்றார்கள். வேணும் என்றவன் தன் வீட்டிலேயே வைத்துக் கும்பிட்டான். ஊரில் கொள்ளைநோய் கிளம்பியது. மற்ற மந்திரிகள் ராஜாவிடம் போய், அப்போதே சொன்னோமே என்றார்கள். சிலையைத் தூக்கி வாய்க்காலில் போட்டுவிட்டார்கள்.

“போட்டப்பறம்? தீனம் நின்னுதா?” என்றாள் அம்மா.

அதற்கு மேலும் டீச்சர் சொல்லியிருந்தாள். மேகமில்லை, காற்றில்லை; திடீரென்று ராஜாவின் பெரிய மண்டபம் தீப்பற்றி எரிந்தது. கொஞ்ச காலத்தில் அதே ராஜா கற்பூர மரத்தில் புத்தர் சிலை செய்யச் சொன்னார். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் எத்தனையோ நாளுக்கப்புறம் அம்மா என் முகத்தைப் பார்க்கிறாள். அப்பாகூடப் பேப்பரை மடித்துவிட்டார். அந்த இடத்தில் மண்டபத்தைக் கொளுத்த எனக்கு மனசு வரவில்லை.

“நின்னுது” என்றேன்.

அம்மாவின் கண் ஜன்னல் மாடத்துக்குப் போயிற்று. அத்தை அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“நான் ஒருத்தரையும் குத்தம் சொல்லலை” என்றாள் அம்மா. “நம்ம தெய்வத்துக்குப் பிடிக்காததை இந்தக் கூரைக்குக் கீழ வச்சுக்கணுமான்னுதான் கேக்கறேன்.”

“அது தெய்வமே இல்லை, மன்னி. அவர் ஆபீஸ் மேஜையில காயிதம் பறக்காம இருக்க மேல வைப்பார். வெறுதே ஒரு பொம்மை.”

“தெய்வம் இல்லேன்னா, கொண்டுபோய்ப் போடறதுக்கு என்னவாம்?”

அத்தை அப்பா பக்கம் திரும்பினாள். அப்பா வேப்பிலையைப் பார்த்தார், மோட்டுவளையைப் பார்த்தார், தங்கையை மட்டும் பார்க்கவில்லை.

“நானே போட்டுட்டு வரேன்” என்றாள் அத்தை. துணைக்கு என்னை அனுப்பினார்கள்.

கரமனை ஆற்றுப் படித்துறையில் துவைப்பவர்கள் போகட்டும் என்று காத்திருந்தோம். அத்தை வீசி எறியவில்லை. கடைசிப் படியில் குந்தி, முழங்கைவரை தண்ணீரில் விட்டு, வெகுநேரம் கழித்துக் கையை வெறுமனே எடுத்தாள். தெளிந்த தண்ணீர். அடியில் மஞ்சளாக மினுங்குவது எனக்கே தெரிந்தது.

“அந்த ராஜா அப்பறம் சிலையைத் தேடினாரோ?” என்று கேட்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இடுப்பளவுத் தண்ணீர்தான். மண்டபம் எரிந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இறங்கி எடுத்திருப்பாள். ஆனால் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என் பொய் உடைந்துவிடுமே!

“டீச்சர் அதுக்கு மேல சொல்லலை, அத்தை.”

தம்பி பிழைத்தான். முத்து அதற்கு உண்டான நாளில் இறங்கியது. அம்மா இன்றைக்கும் அதை ஜப்பான் ராஜா வைத்தியம் என்றுதான் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் நான் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து போகிறேன்.

அன்று படித்துறையில் அத்தை என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, “போகட்டும். இனிமே எந்தக் கதையானாலும் முழுசாச் சொல்லு” என்றாள்.

வீட்டில் கடைசியாக என் ஹிஸ்டரிக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். கோட்டை வாசல் வரும்வரை, சீனாவின் பெருஞ்சுவர் கட்டிய கதையை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன்.