வரப்பில் வைத்த எட்டு உருண்டைகள்

பூவம் கிராமத்தில் எங்கள் வயல் வரப்பில் எலிமருந்து கலந்த எட்டுச் சோற்று உருண்டைகளை வைத்துவிட்டு வீடு திரும்பினேன். ஏழு வயது மகளைக் காணோம். முந்தின நாள் பார்த்த ஜப்பான் கார்ட்டூன் படத்தில், விஷம் தின்று செத்த தாய் நரிக்காகத் தேம்பியவள் அவள். "கதைதானேடி" என்று நான் சிரித்திருந்தேன்.

நான் மருந்து பிசைந்ததை அவள் பார்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வர, வயலுக்கு ஓடினேன். பாவாடை மடியில் உருண்டைகளோடு நின்றாள்.

"நரி தின்னுடும்லம்மா, அதான் பொறுக்கிட்டேன்."

எண்ணினேன். ஏழுதான் இருந்தன.

"இன்னொண்ணு எங்கடி? வாயில வச்சியா?" என்று கதறிக்கொண்டே அவள் விரல்களை முகர்ந்தேன்.

"கத்தாதம்மா, மிதிச்சிட்டேன்" என்று காலைத் தூக்கிக் காட்டினாள். குதிகாலில் சோறு அப்பியிருந்தது.

எலிக்கு வைத்தது எலிக்கு மட்டும்தான் என்று எந்த உருண்டையில் எழுதி வைத்தேன்? இன்றும் அவளுக்குச் சோறு பிசையும் முன் என் விரல்களை ஒருமுறை முகர்ந்துகொள்கிறேன்.