நேரே வீட்டுக்குப் போகாதவர்கள்

போன கிழமை ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் லீனாவின் அடக்கம் முடிந்து வெளியே வந்தபோது, அவளுடைய நாட்டுக்காரரான பிலிப்பைன்ஸ்காரப் பெண்கள் எல்லோரும் தேவாலய வாசலில் நின்று எங்கே சாப்பிடப் போவது என்று மும்முரமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். சவத்தை அனுப்பிய கையோடு இப்படியும் ஒரு பசியா என்று நினைப்பீர்கள். பசி இல்லை. செத்தவீட்டிலிருந்து நேரே வீட்டுக்குப் போனால் இறந்தவரும் கூடவே வந்துவிடுவார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. நடுவில் எங்கேயாவது நின்று எதையாவது வாங்கிக் கடித்தால் அவர் அங்கேயே தங்கிவிடுவார். லீனாவின் மகள் அழுது வீங்கிய முகத்தோடு என்னைப் பார்த்து, உதட்டைக் குவித்துத் தெருவின் மறுபக்கம் இருந்த பேர்கர் கடையைக் காட்டினாள்.

தாயின் உதடு அப்படியே. அதைப் பார்த்ததும் எனக்கு முதியோர் இல்லத்தின் துணி தோய்க்கும் அறை நினைவுக்கு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் பௌதிகம் படித்த எனக்கு ஒஸ்லோ தந்த முதல் வேலை அங்கே கம்பளி மடிப்பது. எதிர்ப்பக்க முனையைப் பிடித்தவள் லீனா. எந்த இடத்தையும் உதட்டால்தான் காட்டுவாள். புருவத்தைத் தூக்கினால் 'ஓம்' என்று அர்த்தம். கோடையில் இதில் பிரச்சினை இல்லை. பனிக்காலத்தில் தொப்பி புருவத்தை மூடிவிடும், சால்வை வாயை மூடிவிடும், அவளுடைய மொழியில் பாதி போய்விடும். பஸ் வருவதைக் காட்ட வேண்டுமென்றால் சால்வையைக் கீழே இழுத்து, உதட்டைக் குவித்துக் காட்டிவிட்டு, திரும்பவும் இழுத்து மூடுவாள். கைகள் இரண்டும் உறைக்குள் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

பனிக்காலத்துக் காற்று வறண்டது. கம்பளியை மடிக்க மடிக்க உடம்பில் மின் ஏறும். பிறகு இரும்பு வண்டிலைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும். நான் லீனாவுக்கு நிலைமின்னையும் இலத்திரன்களையும் விளக்கினேன். மரியாதையாகக் கேட்டாள். அதன் பிறகும் வண்டிலைத் தொடுமுன், கண்ணுக்குத் தெரியாத யாரிடமோ கொஞ்சம் விலகச் சொல்லி மெதுவாகக் கேட்டுவிட்டுத்தான் தொட்டாள். அவளுக்கும் அடித்தது, எனக்கும் அடித்தது. விளக்கம் தெரிந்தவனுக்குக் குறைவாக அடிக்கும் என்று பௌதிகத்தில் எங்கும் இல்லை.

காண்கிற எல்லோரையும் லீனா கேட்பது ஒரே கேள்வி: "சாப்பிட்டாச்சா?" நோர்வேக்காரர்கள் பதில் சொல்லுமுன் யோசிப்பார்கள், ஏதோ தரப்போகிறாள் என்று. இல்லத்தில் இருந்த ஒரு கிழவர் மட்டும், என்ன சாப்பிட்டேன், அதில் உப்பு எவ்வளவு குறைவு என்று விரிவாகச் சொல்லுவார். பிள்ளைகள் இல்லாத மனிதர். அவர் இறந்தபோது நானும் லீனாவும் அடக்கத்துக்குப் போனோம்.

அடக்கம் முடிந்த பிறகுதான் சிக்கல். எங்கள் வழக்கம் நேர் எதிர். செத்தவீட்டுக்குப் போனவன் வேறு எந்த வீட்டு வாசலையும் மிதிக்காமல் நேரே வந்து குளிக்க வேண்டும். என் மனைவி இதில் எந்தச் சலுகையும் தரமாட்டா. லீனாவோ நேரே போக முடியாது என்று நின்றாள். நாங்கள் கதைத்தது இந்த நாட்டு மொழியான நொர்ஸ்க், அதுவும் அரைகுறை. அதை எங்கள் தமிழில் சொல்கிறேன்.

"கிழவர் நல்லவர்தான். எண்டாலும் வீட்டிலை சின்னப்பிள்ளை இருக்கு. பயந்திடும்," என்றாள்.

இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட இடம், எங்கள் வீடுகள் இருந்த மேட்டுப்பகுதியான ரொம்சோஸுக்கு ஏறும் தெருவில், வாகனங்களுக்குப் பெற்றோல் அடிக்கும் செற். அது யாருடைய வீடும் இல்லை என்பதால் எனக்குக் குற்றமில்லை. நின்று தின்னலாம் என்பதால் அவளுக்கும் போதும். ஆளுக்கொரு சொசேஜ் வாங்கினோம். லீனா கடைசித் துண்டைக் கடதாசியில் வைத்துவிட்டு, உதட்டைக் குவித்துச் சோடாப் போத்தல்கள் இருந்த குளிர்பெட்டிப் பக்கம் காட்டினாள். கிழவருக்கு இடம் காட்டுகிறாள் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

மேலே நடந்தோம். முழங்கால் நோ என்று லீனா நின்று நின்றுதான் ஏறுவாள். ஏற ஏறக் குளிர் குறைந்தது. குளிர்ந்த காற்று கனமானது, காற்றடிக்காத நாட்களில் பள்ளத்தாக்கின் அடியில் போய்ப் படுத்துவிடும், அதனால் மேட்டில் குளிர் குறைவு என்று விளக்கினேன்.

"இல்லை. அவர் அங்கை நிண்டிட்டார். அதுதான் லேசா இருக்கு," என்றாள்.

அதற்குப் பிறகு வந்த செத்தவீடுகள் எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அதே செற், அதே சொசேஜ்.

இப்போது அவளுடைய மகள் பேர்கர் கடையைக் காட்டுகிறாள். போனால் லீனா அங்கே தங்கிவிடுவாள். நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. நம்பாதவன் தாராளமாகப் போய் ஒரு பேர்கர் தின்றிருக்கலாம். என்னால் முடியவில்லை. அவளை ஒரு கடையில் விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

"நீங்கள் போங்கோ, பிள்ளை. எங்கடை ஆக்கள் நேரே வீட்டை போகோணும்," என்றேன். அவள் புருவத்தைத் தூக்கினாள்.

நடந்தே ஏறினேன். அந்தப் பெற்றோல் செற் இப்போது இல்லை. பம்புகளும் போய், சொசேஜ் உருளும் சூட்டுப்பெட்டியும் போய், மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் ஏற்றும் கம்பங்கள் நிற்கின்றன. அந்த இடத்தில் நான் நடையைத் தளர்த்தக்கூட இல்லை, நின்றால் நடுவில் நின்றதாகிவிடும். அதைத் தாண்டி மேலே போகக் குளிர் குறைந்தது. காரணம் எனக்குத் தெரியும். இல்லை என்று சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை.

மாடியேறி, படிக்கட்டு விரிப்பில் காலைத் துடைத்துவிட்டு வீட்டுக் கதவின் பிடியைத் தொட்டேன். சுள்ளென்று அடித்தது.

"நேரேதானே வாறியள்? எங்கையும் நிக்கேல்லையே?" உள்ளே இருந்து மனைவி கேட்டா.

"ஓம். நேரேதான் வந்தனான்."

"அப்ப கதவைச் சாத்திப்போட்டுக் குளிக்கப் போங்கோ. குளிர் உள்ளை வருது."

"கொஞ்சம் பொறும்," என்று சொல்லிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லீனாவுக்கு முழங்கால் நோ, படி ஏற நேரமெடுக்கும்.