மார்ச் முப்பத்தொன்றுக்குள் நட்ட காற்றாலை

நல்லூரில் நிட்டிங் மெஷின் மெக்கானிக்காக இருந்தவர் மீரா சாகிப். ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த ஊசி உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். 1994-ல் அவர் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் முதலாளி குமாரசாமிக்குக் காற்றாலை வைக்கும் யோசனை வந்தது. மீரா சாகிப்பை டென்மார்க்குக்கு இரண்டு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்.

அங்கே ஒரு கிராமத்தில் மாடு வளர்ப்பவர்கள், வாத்தியார், பேக்கரிக்காரர் எல்லாரும் சேர்ந்து ஒரு காற்றாலை வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு பங்கு. இடத்தை முடிவு செய்யும் முன் ஒரு வருஷம் காற்றை அளந்தார்களாம். திரும்பி வந்ததும் மீரா சாகிப் முதலாளியிடம் சொன்ன முதல் விஷயமே அதுதான்.

"நம்மளும் அப்படியே செஞ்சரலாம் பாய். நெலம் குடுக்கறவங்களுக்கும் பங்கு உண்டு, சொல்லீருங்க" என்றார் குமாரசாமி.

பல்லடத்துக்குத் தெற்கே தெய்வாத்தாளுக்கு மூன்று ஏக்கர் மேட்டுக்காடு இருந்தது. கணவர் இல்லை, சோளம் விதைத்துப் பிழைத்தார். மீரா சாகிப் விவரமெல்லாம் சொன்னதும், "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க" என்று குறைந்த விலைக்குக் கம்பெனி பேருக்குக் கிரயம் எழுதிக் கொடுத்தார். பங்குப் பத்திரம் பிறகு வரும் என்றார்கள்.

காற்றை அளக்கக் கம்பம் நட்ட இரண்டாம் மாதமே அதைப் பிடுங்கச் சொன்னார் முதலாளி.

"மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள காத்தாடி ஓடோணும் பாய். அப்பத்தான் அதுக்குப் போட்ட பணத்த இந்த வருச லாபத்துல கழிச்சு வரிய மிச்சம் பண்ணலாம்."

ஓடியது. ஆனால் மேற்கே இருந்த கரட்டுக் குன்று காற்றை மறித்துச் சுழற்றிவிட்டது. அடுத்த வருஷமே கியர்பாக்ஸ் உடைந்தது. மாற்று சாமான் கேட்டு முதலாளியிடம் போனார் மீரா சாகிப்.

"எதுக்குங்க பாய்? அது வந்த வேலை முடிஞ்சுதுங்களே."

"அந்தக்காவோட பங்குங்க?"

"பத்திரத்துல இருக்குதுங்களா?" குரலில் மரியாதை குறையவே இல்லை.

மீரா சாகிப் அன்றே வேலையை விட்டார். நேராகத் தெய்வாத்தாளிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

"உங்களுக்கு முன்னயே தெரியுங்களா?"

"தெரியாதுங்கக்கா. என்னையும் ஏமாத்திட்டாரு."

"கம்பத்தப் புடுங்குனப்பவாவது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க."



விதைக்க நிலமில்லாமல் தெய்வாத்தாள் நல்லூருக்கே வந்து ஒரு கம்பெனியில் பனியன்களில் பிசிறு நூல் வெட்டினார். மீரா சாகிப் வேறிடத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். எப்போதாவது பஸ்ஸில் எதிர்ப்பட்டால், "நல்லா இருக்கீங்களா பாய்" என்று அந்த அம்மா கேட்பார். அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்துவிடுவார் மீரா சாகிப்.