ஆந்தைக் கொடி பிடித்த சாமுராய்கள்

சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகாமல் போனதற்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். அம்மாவைக் கேட்டால் செவ்வாய் தோஷம் என்பார். அப்பாவைக் கேட்டால் தரகர் சரியில்லை என்பார். எங்கள் பக்கத்தில் இப்போதெல்லாம் பையன்களுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு என்று பொதுவாக ஊரைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிற சொந்தக்காரர்களும் உண்டு. எனக்குத் தெரிந்த காரணம் வேறு. அது கட்டைவிரல் உயரம் இருக்கும். இடுப்பில் இரண்டு கத்தி செருகியிருக்கும்.

அப்போது நாங்கள் துடியலூரில் குடியிருந்தோம். நான் நாலாம் வகுப்பு. சித்தப்பா கணபதியில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை பார்த்தார். வேலை விட்டு வந்ததும் குளித்துவிட்டு மாடி அறைக்குப் போய்விடுவார். அங்கே ஒரு மேசை விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி, ஊசி முனை போன்ற தூரிகைகள், தண்ணீர் ஊற்றி வைக்கப் பழைய காபித்தூள் பாட்டில். வெளிநாட்டிலிருந்து பார்சலில் சாம்பல் நிறத்தில் வரும் பிளாஸ்டிக் சாமுராய்களுக்கு அவர் பெயிண்ட் அடிப்பார். சாமுராய் என்றால் அந்தக் காலத்து ஜப்பான் போர்வீரன். அவன் கவசம் முழுக்கக் கயிறு கயிறாகக் கட்டியிருக்கும். ஒவ்வொரு கயிற்றையும் தனித்தனியாகத் தீட்டுவார். தூரிகையில் பெயிண்ட் கூடிவிட்டதா என்று தன் இடதுகைக் கட்டைவிரல் நகத்தில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்துக்கொள்வார். அதனால் அந்த நகம் எந்நேரமும் ஏதாவதொரு நிறத்தில் இருக்கும்.

எல்லாம் ஒரு விளையாட்டுக்காக. மேசைமேல் அட்டையில் மலையும் ஆறும் செய்து வைத்து, ஆளுக்கொரு படையை நிறுத்தி, டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். பீளமேட்டில் ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நாலைந்து பேர் கூடுவார்கள். பெயிண்ட் அடிக்காத படை மேசை ஏறக்கூடாது என்பது அவர்களுக்குள் சட்டம். சித்தப்பா வெகுநாளாக அங்கே போய் மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். கடைசியில் அவருடைய படையும் முடிந்தது. தளபதியின் முகம் ஒன்றுதான் பாக்கி.

"வார ஞாயித்துக்கெழம எறக்கிப்போடலாம் கண்ணு" என்று என்னிடம் சொன்னார். அப்போது அவர் சிரித்த சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பின்னாலும் பார்க்கவில்லை.

சாமுராய்களின் முதுகில் ஆளுக்கொரு கொடி நிற்கும், எந்த வம்சத்துப் படை என்று தெரிய. ஜப்பான்காரர்கள் பூவோ இலையோ போட்டுக்கொள்வார்களாம். சித்தப்பா ஆந்தை போட்டிருந்தார். நாங்கள் ஆந்தைக் கூட்டம். எங்கள் ஆட்களிடம் கல்யாணப் பேச்சை எடுத்தால் பேரைக் கேட்பதற்கு முன்னால் என்ன கூட்டம் என்றுதான் கேட்பார்கள்; ஒரே கூட்டத்துக்குள் எல்லாரும் அண்ணன் தங்கை முறை. அந்த ஆந்தையைப் புளியங்கொட்டை அகலக் கொடியில், இரண்டு உருண்டைக் கண்ணோடு, ஒவ்வொரு வீரனுக்கும் வரைந்திருந்தார். எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. வீட்டில் வேறு யாரும் பக்கத்தில் போய்ப் பார்த்ததே இல்லை.

ஏற்கெனவே ஒரு இடம் இந்தப் பொம்மைகளால்தான் தட்டிப்போயிருந்தது. வீடு பார்க்க வந்த பெண்ணின் மாமா மாடிக்குப் போய்விட்டு இறங்கி, "மாப்பிள்ளை இன்னும் பொம்மை வெச்சு வெளையாடறாருங்களா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அப்பாவுக்கு ஆறவே இல்லை. அதனால் தாராபுரத்திலிருந்து அடுத்த வரன் வந்தபோது சித்தப்பாவைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னார்.

"அந்த எழவையெல்லாம் கட்டிப் பரண்மேல போட்டுரு தம்பி. என்ன புடிக்கும்னு கேட்டா, வேலையுண்டு நானுண்டுன்னு சொல்லு. வேற ஒரு பேச்சும் வேண்டாம்."

சித்தப்பா தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார்.

பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கே கூட்டிவருவது எங்களில் வழக்கமில்லை. ஆனால் பெண் ஒருதடவை நேரில் பார்த்துப் பேசிவிட்டுத்தான் சரி சொல்வேன் என்றுவிட்டாளாம். ஆகவே காரமடை ரங்கநாதரைக் கும்பிடப் போகிற வழியில் சும்மா எட்டிப்பார்த்ததாக ஏற்பாடு. ரங்கநாதர் இப்படி எத்தனை பேருக்கு ஒத்தாசை செய்தாரோ தெரியாது. எமகண்டத்துக்கு முன்னால் வாசல்படி ஏறிவிட வேண்டும் என்று யாரோ சொல்ல, அவர்கள் சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே வந்து இறங்கிவிட்டார்கள். கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டபோது சித்தப்பாவின் படை, பூசிய வார்னிஷ் காய்வதற்காகத் தட்டத்தோடு ஜன்னல் பக்கத்தில் இருந்தது. அப்பா அதை அப்படியே தூக்கிவந்து, கூடத்தை ஒட்டி இருந்த, நான் படிக்கிற மேசையில் வைத்தார்.

"யாராச்சும் கேட்டா உன்னோடதுன்னு சொல்லு அம்மணி."

இப்படித்தான் நான் ஒரு படைக்கு உடைமைக்காரி ஆனேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெண், அவளுடைய அப்பா அம்மா, அக்கா, அக்காவின் சின்னப் பையன் என்று ஐந்து பேர். பெரியவர்கள் காபி குடித்துக்கொண்டு மழையைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் பேசினார்கள். கல்யாணத்தைத் தவிர எல்லாவற்றையும் பேசினார்கள். அந்தப் பையன் நேராக என் மேசைக்குப் போய் இரண்டு கையிலும் இரண்டு சாமுராய்களைப் பிடித்துக்கொண்டான். அவன் அம்மா பிடுங்கி வைக்கப் பார்த்தாள். அவன் தரையில் புரண்டு அழுதான். சம்பந்தம் பேச வந்த வீட்டிலிருந்து குழந்தை அழுதுகொண்டு போனால் அதைவிடக் கெட்ட சகுனம் வேறு என்ன வேண்டும்? அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்தே விட்டார்.

"அழுவாத கண்ணு, எடுத்துக்க. அக்காவோடதுதான். அக்கா குடுத்துருவா. எல்லாத்தையும் எடுத்துக்க."

"ஐயோ, வேண்டாமுங்க" என்றாள் அவன் அம்மா.

"அதெல்லாம் இருக்கட்டுமுங்க" என்றார் அப்பா.

எங்கள் பக்கத்தில் ஒரு ‘வேண்டாமுங்க’வுக்கு ஒரு ‘இருக்கட்டுமுங்க’ சொல்லியாக வேண்டும். அந்த மரியாதைக்கு முன்னால் யாரும் எதுவும் செய்ய முடியாது. அம்மா வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் போட்டு வைத்திருந்த மஞ்சள் பையை விரித்துத் தட்டத்தைக் கவிழ்த்தார். பிளாஸ்டிக் கத்திகள் ஒடிகிற சத்தம் எனக்கே கேட்டது. சித்தப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையிலிருந்த காலி காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பெண்ணும் சித்தப்பாவும் மொட்டைமாடியில் பேசிக்கொள்ளட்டும் என்றார்கள். கூட ஒரு ஆள் வேண்டுமே என்று என்னையும் அனுப்பினார்கள். பையன் கையிலிருந்த சாமுராய்களில் ஒன்றை அவள் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதெல்லாம் யாரு பெயிண்ட் அடிச்சதுங்க?"

"கடையில வாங்குனதுங்க."

"கொடியில ஆந்த இருக்குதுங்க."

சித்தப்பா கைப்பிடிச் சுவருக்கு மேலாகத் தெருவை எட்டிப் பார்த்தார்.

"உங்க கூட்டத்துக்குன்னு கடையிலயே ஆந்த போட்டுத் தர்றாங்களா?" அவள் கேலியாகக் கேட்கவில்லை. ஆசையாகத்தான் கேட்டாள்.

"ஆமாங்க" என்றார் சித்தப்பா.

அவள் அவருடைய இடதுகையைப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தில் சிவப்புப் பெயிண்ட் இருந்தது. அவர் விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"உங்களுக்கு எதுலீங்க இஷ்டம்?"

"அப்படி ஒண்ணுமில்லீங்க. வேலையுண்டு, நானுண்டு."

அவள் சாமுராயைக் கைக்குள் மூடிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். கீழே இறங்கி வந்தோம்.

கிளம்புகிற நேரம். "போயிட்டு வாரோமுங்க" என்று எல்லாரும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் மஞ்சள் பைக்குள் கையை விட்டுத் துழாவி, முகம் தீட்டாத தளபதியை எடுத்து என் மேசையில் நிற்க வைத்தாள்.

"இதுக்கு மூஞ்சி இன்னும் முடியலைங்களாட்ட இருக்குது. முடிச்சுருங்க" என்றாள்.

"சரீங்க்கா" என்றேன் நான்.

மறுவாரம் தரகர் வந்தார். பையன் தங்கமான பையன், ஆனால் பெண்ணுக்கு மனசில்லை என்றார். அப்பா காரணம் கேட்டார்.

"அவருக்கு எதுலயும் ஒரு ஆசையே இருக்கறாப்ல தெரியலைன்னு புள்ள சொல்லுதுங்க."

அப்பாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "குடியில்ல, சீட்டில்ல, ஒரு கெட்ட பழக்கமில்ல. ஆசையில்லாததும் ஒரு குத்தமுங்களா?" என்று தரகரிடம் பாய்ந்தார். அப்போது சித்தப்பா சிரித்தார். சத்தமாக, ஒரே ஒரு தடவை. வீட்டில் இத்தனை பேர் முகம் தொங்கிப்போய் இருக்கும்போது அவர் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினார்.

படையை இறக்குவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பீளமேட்டுக்குப் போகவில்லை. பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் போகவில்லை. பார்சல் வருவது நின்றது. தூரிகைகளை அம்மா தையல் மெஷினில் தூசி தட்ட வைத்துக்கொண்டார். நல்ல பழக்கங்கள் மட்டுமே உள்ள ஒரு மனிதராகச் சித்தப்பா இன்றைக்கும் வேலைக்குப் போய் வருகிறார். தளபதி கூடத்து அலமாரியில், பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய கோப்பைகளுக்கு நடுவே, முகமில்லாமல் நிற்கிறான். விருந்தாளிகள் கேட்டால் இப்போதும் அது என்னுடையது என்றுதான் சொல்கிறார்கள்.

அவள் அதை எடுத்து வைத்துவிட்டுப் போனபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நல்லதையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு, அரைகுறையை நமக்குத் தள்ளிவிட்டுப் போகிறாளே என்று நினைத்தேன். முடிச்சுருங்க என்று அவள் சொன்னபோது அவள் கண் என் தலைக்கு மேலாகப் போனதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேசை என்னுடையது, பொம்மை என்னுடையது, என்னிடம்தானே சொல்வாள்? சித்தப்பா எனக்கு நேர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் சரீங்க்கா என்று முந்திக்கொள்ளாமல் இருந்திருந்தால் அவர் அன்று வாயைத் திறந்திருப்பாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.