ரோஸி அக்கா பார்த்த முகம்

செவ்வாய்க்கிழமை டியூஷன் முடிந்து வந்தபோது அம்மா அடுப்படியில் அழுதுகொண்டிருந்தார். "ஆம்புலன்ஸ் ரோஸி போயிடுச்சும்மா. காய்ச்சல்னு படுத்துச்சாம், எந்திரிக்கவே இல்லையாம்," என்றார். ரோஸி அக்காவைத் தெரியும் என்று நாங்கள் வெளியில் சொல்வதில்லை. சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஆம்புலன்ஸில் அவருடன் வேலை செய்த உங்களுக்காக, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். யாராவது விழித்துவிடுவார்களோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

எனக்கு ஆஸ்துமா இழுப்பு உண்டு. வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும் என்பது அத்தாவின், அதாவது அப்பாவின், கவலை. போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் மூச்சு வாங்கியபோது அம்மா பயந்துபோய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். கொரோனா நேரத்தில் வாங்கிய, ஆக்சிஜன் அளக்கும் மெஷினை அத்தா என் விரலில் மாட்டினார். தொண்ணூற்றைந்து காட்டியது. அதற்குள் நெல்லித்தோப்பில் எங்கள் சந்து முனையில் வண்டி வந்து நின்றது. அக்கம்பக்கத்துச் சன்னல்கள் திறந்தன. வண்டியிலிருந்து இறங்கி ரோஸி அக்கா வீட்டுக்குள் வந்தார்.

"நம்பர் நல்லாத்தான்மா இருக்கு. நீங்க கெளம்புங்க," என்றார் அத்தா.

ரோஸி அக்கா தன் மெஷினை மாட்டினார். அதுவும் தொண்ணூற்றைந்துதான். அவர் என் எதிரே முட்டிபோட்டு உட்கார்ந்தார். "மத்தியானம் என்ன பாப்பா சாப்ட்ட?"

"சாம்பார்" என்றதோடு நின்றுவிட்டேன். "சாதம்" என்று சொல்ல மூச்சு வரவில்லை.

"பாய், ரத்தத்துல ஆக்சிஜன் எவ்ளோ இருக்குன்னுதான் மெஷின் சொல்லும். அதுக்குப் புள்ள எவ்ளோ பாடுபடுதுன்னு சொல்லாது. கழுத்தப் பாருங்க, எப்படி உள்ள இழுக்குது! களைச்சிட்டா நம்பரு மடமடன்னு எறங்கிடும்."

"அக்கம்பக்கத்துல பாக்கறாங்கம்மா..."

"பாக்கட்டும். நாளைக்கு நல்லா நடந்து வர்றதையும் அவங்கதான பாக்கப் போறாங்க?"

கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எண் இறங்கியது. ஆனால் அதற்கு முன்பே ஆக்சிஜனும் மருந்துப் புகையும் என் முகத்துக்கு வந்துவிட்டன. "பயமா இருக்கா? பயந்துக்கிட்டே மூச்சு விடு, போதும்," என்றார் அக்கா.

சில வாரம் கழித்து மீன் கடையில் அம்மாவைப் பார்த்து, இன்ஹேலரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"பீரோவுல," என்றார் அம்மா மெதுவாக.

"நகையப் பூட்டுங்கக்கா. மூச்ச எதுக்குப் பூட்டறீங்க?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று முதல் இன்ஹேலர் என் பள்ளிப் பையில் இருக்கிறது.

எண்ணைப் பார்த்த பிறகும் அவர் ஆளைப் பார்த்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். எங்கள் வகுப்பில் ஒருத்தி மாடி ஏறி வந்ததும் பேசாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். அவள் கழுத்து உள்ளே இழுப்பதை நான் பார்த்திருக்கிறேன். நாளைக் காலையில் அவள் பக்கத்தில் போய் நின்று, "எனக்கும் இழுப்பு இருக்குடி" என்று சொல்லப்போகிறேன்.