அம்மாவின் பெயரில் சித்தியின் ரத்தம்

சித்தியின் ரத்தம் நிரம்பிய குப்பியில் அம்மாவின் பெயர் ஒட்டியிருந்தது. பர்மிய எழுத்தில் அதை அழகாக எழுதிய நர்ஸ் பெண், குப்பியை இரண்டு முறை மெல்லக் கவிழ்த்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். சித்தி முழங்கையை மடக்கிப் பஞ்சைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். ஷ்வேப்யிதாவில் அவள் வேலை பார்த்த செருப்புத் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. எத்தனையோ விஷயங்களை மறந்துவிட்டேன். அந்தக் கண் சிமிட்டல் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

சித்தி அம்மாவைவிட இரண்டு வயது இளையவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை; தாகேதாவில் எங்களோடுதான் இருந்தாள். அம்மா காலையில் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். பிள்ளைகள் எங்கள் மூன்று பேரையும் குளிப்பாட்டி, முகத்தில் தனாக்கா மரப்பட்டைக் குழம்பைப் பூசிப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதெல்லாம் சித்திதான். நாங்கள் வளர்ந்த பிறகு அவளுக்கும் ஒரு வேலை வேண்டியிருந்தது. தொழிற்சாலையில் அடையாள அட்டை கேட்டார்கள். எங்கள் தமிழ் ஆட்களில் பலருக்கு நடப்பதுபோல, அட்டைக்காக அவள் கொடுத்த காகிதம் ஏதோ ஓர் அலுவலகத்தில் வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்தது. அக்காவும் தங்கையும் ஒரே ஜாடை. அம்மாவின் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினாள், சேர்த்துக்கொண்டார்கள். அப்படி வேலை பார்ப்பவர்கள் அங்கே நிறைய. மேற்பார்வையாளருக்கும் தெரியும், அவர் கண்டுகொள்வதில்லை. "அக்கா, உன் பேர்ல நான் நல்லா உழைக்கிறேன், நீ நிம்மதியாத் தூங்கு" என்று அம்மாவைச் சீண்டுவாள்.

அவளுக்குப் பசை ஒட்டும் பிரிவில் வேலை. அடிப்பாகத்தில் பசை தடவ வேண்டும்; பிறகு தண்ணீர் ஒட்டாமலிருக்க மேலே ஒரு திரவம் பூச வேண்டும். வீட்டுக்கு வந்தால் சட்டையிலும் முடியிலும் அந்த நெடி. எங்களுக்குத் தலை வலிக்கும், அவளுக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டது என்று நாங்கள் எவ்வளவு சுலபமாகச் சொல்லிக்கொண்டோம் என்று நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் மருத்துவக் குழுவினர். இப்படிப்பட்ட வேலை செய்யும் பெண்களின் ரத்தத்தில் என்னென்ன ரசாயனம் சேர்ந்திருக்கிறது, அதற்கும் மார்புப் புற்றுநோய்க்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்க வந்திருந்தார்கள். சித்திக்குப் பர்மா பாஷை சரளமாக வரும், படிக்கத்தான் வராது. அதனால் படிவம் நிரப்ப என்னைக் கூட்டிப்போயிருந்தாள். பிறந்த வருஷம், பெரியவளான வயது, எத்தனை பிள்ளைகள், தாய்ப்பால் கொடுத்ததுண்டா. நான் பேனாவை நிறுத்தினேன். "கார்டுல இருக்கிற ஆளு யாரோ அவ கணக்கையே எழுதும்மா. மாத்தி எழுதி மாட்டிக்கிட்டா வேலை போயிரும்" என்றாள் சித்தி. மூன்று பிள்ளைகள், மூவருக்கும் பால் கொடுத்தது என்று என் கையால்தான் எழுதினேன்.

சில மாதம் கழித்து அம்மா பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. ரத்தத்தில் ஒரு பொருள் அதிகமாக இருக்கிறது, பயப்பட வேண்டாம், மார்பைப் பரிசோதிக்க அட்டையுடன் வரவும் என்று எழுதியிருந்தது. சித்திக்கு முகம் வெளுத்துவிட்டது, ஆனால் நோயை நினைத்து அல்ல. ஆஸ்பத்திரியில் போட்டோவை உற்றுப் பார்ப்பார்களே என்று பயம். போகாமலிருந்தால் தொழிற்சாலையில் கேட்பார்கள். ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, நாங்கள் எடுத்த முடிவு இதுதான்: அட்டை யாருடையதோ அவளே போகட்டும். அம்மா போனாள், நானும் கூடப் போனேன். அம்மாவின் மார்பில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று எழுதிய தாளை வாங்கி வந்தோம். அன்றைக்குச் சித்தி எல்லாருக்கும் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா வாங்கி வந்தாள். "நமக்கு ஒண்ணும் இல்லையாம்" என்று பக்கத்து வீட்டிலும் சொன்னாள். நாங்களும் சாப்பிட்டோம். படித்தவள் என்று வீட்டில் இருந்தது நான் ஒருத்திதான், நானும் சாப்பிட்டேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துச் சித்திக்குக் குளிக்கும்போது மார்பில் கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. அதையும் பல மாதம் சொல்லாமல் மறைத்தாள். போன மழைக்காலத்தில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அதற்குள் அலைந்து திரிந்து அவள் பெயருக்கு ஓர் அட்டை எடுத்திருந்தோம். இந்தத் தடவை அவளே அவளாக உட்கார்ந்திருந்தாள். பசையால் வந்ததா சயாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஒன்றைக் காட்டி இதுதான் என்று சொல்ல முடியாது, வயது, பிள்ளைப்பேறு, வேலை, குடும்பம் எல்லாம் சேர்ந்து வருவது என்று பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான். எனக்குத்தான் யாரையாவது திட்ட வேண்டும்போல இருந்தது, என்னைத் தவிர ஆள் கிடைக்கவில்லை.

பிறகு அவர் படிவத்தை எடுத்து, வயதான பெண்களை அம்மா என்று கூப்பிடும் பர்மிய வழக்கப்படி கேட்டார். "அமே, பிள்ளைகள் எத்தனை?"

"மூணு" என்றாள் சித்தி. பழக்கதோஷமா, வேண்டுமென்றே சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். "மூணும் நல்லா இருக்குதுங்க."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரம்மா எழுதத் தொடங்கிவிட்டார். இன்னொரு தாளில் இன்னொரு பொய்யை என்னால் விட முடியவில்லை.

"இல்லை சயாமா, இவங்களுக்குப் பிள்ளை இல்லை" என்றேன். "பெறவே இல்லை."

டாக்டரம்மா எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார். சித்தி என் கையை விட்டுவிட்டு, மடியிலிருந்த பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள்.